வாழைச் சீப்பை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் கொண்டுவந்த ஐஸ் பெட்டியை யாரும் சும்மா போட்டு வைப்பதில்லை. வெயிலுக்குப் பயந்து வாழைச் சீப்பைக்கூட அதற்குள் வைத்துவிடுகிறோம். இரண்டு நாள் கழித்து எடுத்தால் தோல் கறுத்திருக்கும். உரித்தால் மணமே இருக்காது. மீன் வாடைதான் மணத்தை அமுக்கிவிட்டது என்பார்கள். அந்தப் பழம் மணத்தை உண்டாக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

வாழைக்காய்க்குள் பழ வாசனை ஒளிந்திருப்பதில்லை. பழுக்கும்போதுதான் அது உருவாகிறது. காயிலுள்ள லூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து (புரதங்கள் இப்படிப்பட்ட அமிலங்களால் ஆனவை) நைட்ரஜன் பகுதியை ஒரு நொதி கழற்றுகிறது. இன்னொன்று கரியமில வாயுவைப் பிரித்து வெளியேற்றுகிறது. மிஞ்சியது ஆல்கஹாலாக மாறி, கடைசியில் அசிட்டேட்டாகிறது. வாழைப்பழ மிட்டாயில் வருகிறதே, அந்த ஐசோ அமைல் அசிட்டேட் இதுதான். முலாம்பழத்தில் லேசாகத் தெரியும் கந்தக வாசனைக்கு மூலம் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவைக்கூடச் செடி இதே மெத்தியோனினிலிருந்துதான் செய்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான்.

இத்தனை நொதிகளும் வேலை செய்யக் காய் உயிரோடு இருக்க வேண்டும். 13 டிகிரிக்குக் கீழே வாழைக்குக் குளிர் ஆகாது. அப்புறம் வெளியே எடுத்து வைத்தாலும் போன மணம் சரியாகத் திரும்பாது. தக்காளியும் இப்படித்தான்: ஒரு வாரம் 5 டிகிரியில் இருந்த பழங்கள் இழந்த மணத்தை, வெளியே எடுத்து மூன்று நாள் வைத்தும் மீட்கவில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அடுத்த தவறு, நிறத்தை நம்புவது. முற்றாத காயைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்தால் தோல் மஞ்சளாகும், சதையும் இளகும். ஆனால் மணத்துக்கான சரக்கு உள்ளே சேர்ந்திருக்காது. வெம்பல் பழம் என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. கார்பைடில் ஆர்சனிக் கலந்திருக்கலாம் என்பதால் இந்தியாவில் அதற்குத் தடையும் இருக்கிறது. முற்றிய தாருக்குப் பழைய புகைமூட்டமே போதும். புகையிலும் எத்திலீன் உண்டு. சாயல்குடிப் பக்கம் பனம்பழத்தை யாரும் அவசரப்பட்டு வெட்டுவதில்லை, தானாக விழட்டும் என்று விடுகிறார்கள். அது விழுந்தால் தெருவுக்கே தெரிகிறது!

பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டுவதும் வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் பழம் புளித்த சாராய வாடைக்குப் போய்விடும்.

எல்லாப் பழ வாசனையும் அமினோ அமிலத்திலிருந்து வருவதாகவும் எண்ண வேண்டாம். மாம்பழ மணத்தில் பெரும்பங்கு டெர்பீன்கள் என்ற வேறு வகை வாசனைச் சேர்மங்கள். அவை உருவாகும் வழியே வேறு.

சரி, வீட்டில் என்ன செய்வது? தாரைத் திண்ணை நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். சீப்பு மஞ்சளாகிக் காம்புப் பக்கம் மணம் வரட்டும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தோல் கறுக்கும், உள்ளே பழம் இன்னும் ஓரிரு நாள் தாங்கும்.