‘நல்ல பி.பி. மெஷின் எது டாக்டர்?’ – போனில் வரும் கேள்விக்குப் பதில் எழுதுவது எப்படி

புதுச்சேரி ஜிப்மரிலோ, கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ ஓ.பி. வரிசையில் நின்று டாக்டரைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் மாத்திரை பற்றிப் பேசவே சரியாகிவிடும். மெஷின், பெல்ட், காலுறை, இன்சுலின் ஊசி பற்றிய சந்தேகமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் எழும். உடனே தெரிந்த டாக்டருக்கோ, நர்ஸுக்கோ, மருந்துக்கடைக்காரருக்கோ, பிசியோதெரபிஸ்டுக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். அந்த வரிக்குப் பதில் எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

“வீட்டுல வச்சிப் பாக்க நல்ல பி.பி. மெஷின் எது?” என்று ஒருவர் கேட்கிறார். “எல்லாம் ஒண்ணுதான், எதையாவது வாங்குங்க” என்று பதில் போனால், ஆஃபரில் கிடைக்கிற மணிக்கட்டு மெஷின் வீட்டுக்கு வந்துவிடும். “ஆன்லைன்ல எல்லாம் வாங்காதீங்க, டூப்ளிகேட்” என்று போனாலும் அவர் வாங்குவார். ஆனால் வாங்கியதையும் சொல்லமாட்டார், அது காட்டுகிற எண்ணையும் சொல்லமாட்டார். “எங்க அப்பாவுக்கு இந்தக் கம்பெனிதான் வாங்கினேன்” என்றால், அவருடைய கை உங்கள் அப்பாவின் கையைவிடப் பருமனாக இருந்தாலும் அதே மாடலைத்தான் வாங்குவார்.

இந்த மூன்று பதில்களும் அக்கறையில்லாமல் எழுதியவை அல்ல. ஆனால் மூன்றுமே கேட்டவரின் அடுத்த கேள்வியை நிறுத்திவிடுகின்றன. முடிவெடுக்கத் தேவையான தகவல் அந்த இரண்டாவது மெசேஜில்தான் இருக்கும்: கையின் சுற்றளவு, மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், மெஷினை யார் இயக்கப்போகிறார், கரண்ட் போனால் என்ன செய்வார். எனவே பதில் எழுதி முடித்ததும் “இதைப் படித்தவருக்கு இன்னொன்று கேட்கத் தோன்றுமா?” என்று பாருங்கள். தோன்றாது என்றால் தகவல் சரியாக இருந்தாலும் பதிலைத் திருத்துங்கள்.

பதிலின் தொனிக்கு இவ்வளவு கனம் உண்டா என்று கேட்பவர்கள் இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துகொள்ளலாம். 2002-ல் நளினி அம்பாடியும் அவரது குழுவினரும் அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர்களின் பேச்சிலிருந்து 10 விநாடித் துண்டுகளை எடுத்து, சொற்கள் புரியாதபடி வடிகட்டி, குரலை மட்டும் பிறரைக் கேட்கச் செய்தார்கள். அதிகாரம் மிகுந்தும் அக்கறை குறைந்தும் ஒலித்த குரல்கள், நோயாளிகள் வழக்குத் தொடுத்த மருத்துவர்களுடையவையாக இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2023-ல் இணையத்தில் பொதுவெளியில் கேட்கப்பட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் சாட்பாட் (கேள்விக்குப் பதில் எழுதும் கணினி நிரல்) எழுதிய பதில்களையும், எது யாருடையது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடமே மதிப்பிடக் கொடுத்தார்கள். 78.6 சதவீத மதிப்பீடுகளில் சாட்பாட் பதிலே பிடித்திருந்தது. பரிவு உள்ளது என்று மதிப்பிடப்பட்டவை மருத்துவர் பதில்களில் 4.6 சதவீதம், சாட்பாட் பதில்களில் 45.1 சதவீதம். மருத்துவர்கள் சராசரியாக 52 சொற்கள் எழுதியிருந்தார்கள், சாட்பாட் 211. யாரும் 211 சொல் எழுத வேண்டியதில்லை. 52 சொல்லுக்குள்ளேயே பரிவுக்கு இடமிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி போதும்.

பதிலுக்கு முன் ஒரு கேள்வி

பி.பி. மெஷினையே எடுத்துக்கொள்வோம். முதல் பதிலில் பிராண்ட் வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: “வீட்டில் பார்ப்பது நல்ல விஷயம்மா. ஒரு தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கைச் சுற்றளவு எத்தனை செ.மீ. என்று பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் எது வாங்கலாம் என்று சொல்ல முடியும்.” முதல் வாக்கியம் அவரைப் பாராட்டுகிறது, இரண்டாவது வேலை கொடுக்கிறது, மூன்றாவது காரணம் சொல்கிறது. காரணம் இல்லாமல் அளவு கேட்டால், “வாங்க வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்” என்று நினைப்பவர்கள் உண்டு.

மெஷினோடு வழக்கமாக வரும் கஃப் (கையில் சுற்றும் பட்டை) 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்கு. அதற்கு மேல் என்றால் 32–42 செ.மீ. பெரிய கஃப், அல்லது 22–42 வரை பொருந்தும் கஃப் வேண்டும். கஃப் சிறியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து தானாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அளவு வந்த பிறகு, “மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின், உங்கள் அளவுக்கு ஏற்ற கஃப், துல்லியம் சோதித்துச் சான்று பெற்ற மாடல். இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கம்பெனியும் சரி” என்று எழுதுங்கள். கம்பெனிப் பெயரைவிட இது பயன்படும். நெல்லிக்குப்பத்தில் அந்த பிராண்ட் இல்லை என்றாலும் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் அவரால் கேட்க முடியும். 2021 ஜனவரி முதல் பி.பி. மெஷின், சுகர் மெஷின், நெபுலைசர் (மருந்தை ஆவிபோல மாற்றி உள்ளிழுக்க வைக்கும் கருவி), டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாம் மருந்துச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. எனவே பெட்டியில் உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் உரிம எண், தயாரிப்புத் தேதி, எம்.ஆர்.பி. இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம். “டூப்ளிகேட்” என்று பயமுறுத்துவதைவிடச் சோதிக்கும் வழியைக் கொடுப்பது நல்லது.

சுகர் மெஷினுக்குக் கேட்க வேண்டியது வேறு: ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்? இரண்டு தடவை என்றால் மாதம் 60 ஸ்ட்ரிப் (ரத்தத் துளி வைக்கும் பட்டை); 50 உள்ள டப்பா ஒரு மாதத்துக்குப் போதாது. மெஷின் விலை ஒருமுறைதான், ஸ்ட்ரிப் விலை மாதாமாதம். இதைப் பேசும்போது “உங்களால முடியுமா?” என்று கேட்காதீர்கள், அது சுருக்கென்று படும். “மாதச் செலவு ஸ்ட்ரிப்பில்தான். அதன் விலையையும், உங்கள் பக்கத்துக் கடையில் எப்போதும் கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிட்டு மெஷினை முடிவு செய்யுங்கள்” என்றால் போதும். கடலோரத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் மூட வேண்டும். ஈரக்காற்று பட்டாலும், 30 டிகிரிக்கு மேல் சூட்டில் கிடந்தாலும் எண் தவறும். சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.

எண் மாறுகிறது என்று பதறி எழுதும்போது

“டாக்டர், சுகர் லேப்ல 200, மெஷின்ல 178. மெஷின் கெட்டுப்போச்சா?” இதற்கு “அப்படித்தான் இருக்கும்” என்பது சரியான விடை, ஆனால் மோசமான பதில். கேட்டவருக்குக் காசு வீணாகிவிட்டதோ என்ற கவலை. எண்ணோடு பதில் சொல்லுங்கள்: “மெஷின் நன்றாகவே இருக்கிறது. 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டுவதைத் தரநிலையே ஏற்றுக்கொள்கிறது. லேபில் 200 என்றால் மெஷினில் 170 முதல் 230 வரை வரலாம். 150 என்றோ 250 என்றோ வந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.” எப்போது பதற வேண்டியதில்லை, எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

‘கட்டாயம்’ என்ற சொல்லைச் சேமித்து வையுங்கள்

எல்லாவற்றுக்கும் “கண்டிப்பா கூடாது” என்று எழுதுகிறவரின் கண்டிப்பு, உண்மையில் ஆபத்து வரும் இடத்தில் எடுபடாது. மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளலாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் “கட்டாயம்”. பலன் கூடும் என்றால் “இது நல்லது”. நிறம், திரை அளவு, ப்ளூடூத் போன்றவற்றுக்கு “உங்கள் விருப்பம்”. ஒரே மெசேஜில் மூன்றையும் கலந்தால் படிப்பவர் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொள்வார்.

“கட்டாயம்” தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான். உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக் கூடாது. ஆஸ்துமாவுக்கான புடசோனைடு மருந்தை அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் இயங்கும்) நெபுலைசரில் ஊற்றக் கூடாது, காற்றழுத்தத்தால் இயங்கும் கம்ப்ரசர் வகைதான் வேண்டும். ஆக்சிஜன் மெஷினைத் தானாக வாங்கி அளவைக் கூட்டக் கூடாது, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள பலருக்கு ரத்த ஆக்சிஜன் அளவு 88–92 சதவீதம்தான் இலக்கு, அதற்கு மேல் ஏற்றினால் உடலில் கரியமிலவாயு தேங்கலாம். இங்கே கண்டிப்பாகப் பேசுங்கள், காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். “கூடாதுன்னா கூடாது” என்று முடித்தால், அடுத்த வீட்டுக்காரர் சொல்லும் காரணம் வென்றுவிடும்.

கரண்டில் ஓடும் எந்தக் கருவிக்கும் இந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் என்ன செய்தன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 5 லிட்டர் ஆக்சிஜன் மெஷின் சுமார் 300–350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். 1,500 லிட்டர் வாயு உள்ள பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும். “கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?” என்று மொட்டையாகக் கேட்டால் பயம்தான் மிஞ்சும். இந்தக் கணக்கோடு கேட்டால் ஏற்பாடு நடக்கும்.

ஏற்கெனவே தவறானதை வாங்கிவிட்டவர்

திட்டாதீர்கள். “ஏன் கேக்காம வாங்கினீங்க?” என்ற ஒரு வரியோடு அந்தக் குடும்பமே உங்களிடம் கேட்பதை நிறுத்திவிடும். மணிக்கட்டு மெஷின் வாங்கியிருந்தால், இருப்பதை முடிந்தவரை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லுங்கள்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் படிய, மணிக்கட்டு நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அடுத்த செக்கப்புக்கு மெஷினைக் கையோடு கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரி மெஷினோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றலாம் என்று அவரே முடிவெடுப்பார்.

கால் வீக்கத்துக்குக் காலுறை கேட்பவரிடம் கூடுதல் மென்மை வேண்டும். யானைக்கால் இந்தக் கடலோரத்துக்குப் பழைய நோய். கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கிவருகிறது. காலைப் படமெடுத்து அனுப்பவே வெட்கப்பட்டு, “அக்காவுக்குக் கேக்கறேன்” என்று எழுதுபவர்கள் பலர். அந்த அக்கா யார் என்று துருவ வேண்டாம். காலையில் எழுந்ததும் வீக்கம் குறைவாக இருக்கும்போது கணுக்காலுக்குச் சற்று மேலேயும், கெண்டைக்காலின் பருத்த இடத்திலும் சுற்றளவு எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நடக்கும்போது கெண்டைக்காலில் வலி, ஆறாத புண் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கமான காலுறை போடக் கூடாது, புண்ணும் அழுகலும் வரலாம். “போட்டா கால் போயிடும்” என்று எழுதாமல், “இந்தச் சோதனை வலிக்காது, முடிந்ததும் சரியான இறுக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்” என்று எழுதுங்கள்.

வாய்ஸ் நோட், கட்டைவிரல், ஃபார்வேர்டு

படிக்கத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் வாய்ஸ் நோட் நல்லது. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், எண்களை இரண்டு முறை சொல்லுங்கள், பிறகு அந்த எண்ணை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள். நடந்துகொண்டோ வண்டியிலோ பேசினால் மூச்சிரைப்பு அவர் காதுக்கு எரிச்சலாகக் கேட்கும்.

கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பாதீர்கள். “மாத்திரையை நிறுத்திட்டு இந்த பெல்ட் மட்டும் போடட்டுமா?” என்ற கேள்விக்கு அது சம்மதமாகிவிடும். பார்த்துவிட்டீர்கள், ஆனால் இப்போது எழுத முடியாது என்றால் “இரவு எட்டு மணிக்குச் சொல்கிறேன், அதுவரை வாங்க வேண்டாம்” என்று எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பியது குடும்ப குரூப் வழியாக நெய்வேலி வரைக்கும் போகும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். முதல் வரியில் தேதியும், “இது உங்கள் அம்மாவின் கை அளவுக்கும் வயதுக்கும் மட்டும்” என்பதும் இருக்கட்டும். பொதுத் தகவல் வேறு, ஒருவருக்கான ஆலோசனை வேறு. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி மருத்துவர் கொடுக்கும் தனி ஆலோசனைக்குப் பதிவு வைத்திருக்க வேண்டும், எனவே சாட்டை அழிக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வந்தால் மெஷின் பேச்சை அங்கேயே நிறுத்தி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பரிந்துரைக்கும் பொருளால் உங்களுக்குக் கமிஷனோ, இலவசமாக வந்த மெஷினோ இருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யார் மூலமோ தெரியவந்தால், அதுவரை நீங்கள் எழுதிய உண்மையான எச்சரிக்கைகளையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

பொருள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மெசேஜ் பாக்கி இருக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “சரிங்க டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். “கஃப் கட்டின கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா, நான் சரியா சொன்னேனான்னு பாக்கறேன்” என்று கேளுங்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டியிருக்கிறார்களா, சட்டைக் கைக்கு மேலேயே கட்டிவிட்டார்களா, டியூப் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் தெரிந்துவிடும்.