கடைசி ஆட்டத்துக்கு முன் டிபென்ஸை ஒழுங்கு செய்வது எப்படி? ஒரு கயிறும் பதினொரு சோடா மூடியும் போதும்

போன வருஷம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கடைசிக் குழு ஆட்டத்தில் சமநிலை கிடைத்தாலே போதும் என்ற நிலை. அதற்கு முந்தின மூன்று இரவும் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கதைத்தது ஒரே கதைதான். பாதிப்பேர் "ஐந்து பேரைப் பின்னுக்கு நிறுத்துவோம், கோல் விழாது" என்றார்கள். மற்றவர்கள் "பின்னுக்கு நின்றால் ஏறி ஏறி அடிப்பார்கள், முன்னுக்கே போய் மறிக்க வேணும்" என்றார்கள். ஒரு முடிவும் எடுக்காமலே மைதானத்துக்குப் போனோம். 78-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி வெளியேறினோம். அந்தக் கோல் எப்படி விழுந்தது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவே அதனால்தான் எழுதப்படுகிறது.

இந்த வருஷமும் அதே நிலைமை வந்தது. இந்த முறை ஒரு வாரம் ஒதுக்கி, கதையை வேலையாக மாற்றினோம். ஆட்டம் 0-0. புதிதாக ஒரு அணியைப் பொறுப்பெடுத்திருக்கும் தம்பிமாருக்குப் பயன்படும் என்பதால் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ஓஃப்சைட் (பந்து கொடுக்கப்படும் நேரத்தில் எதிரணி ஆள் நம் கடைசிப் பின்கள வீரரையும் தாண்டிக் கோல் பக்கம் நிற்பது) என்றால் என்ன, ஸ்டொப்பர் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) எங்கே நிற்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கணக்கை எழுதுங்கள்

எத்தனை புள்ளி வேண்டும், புள்ளி சமனானால் அடுத்து எதைப் பார்ப்பார்கள்? கோல் வித்தியாசமா, இரு அணியும் மோதிய ஆட்டத்தின் முடிவா, அடித்த கோலா? போட்டி விதித்தாளை வாங்கி வாசியுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

1989 மே 26-ஐ நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து முதற்பிரிவின் கடைசி ஆட்டம், லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் கிண்ணம். 2-0 என்று வென்றது. இரண்டு அணிக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் இரண்டுக்கும் 37. அடித்த கோல்களில் ஆர்சனல் 73, லிவர்பூல் 65. அந்தக் கணக்கு தெரிந்ததால்தான் எத்தனை கோல் வேண்டும் என்று தெரிந்து ஆடினார்கள்.

இரண்டாம் படி: நாலா, ஐந்தா?

இதில்தான் எல்லாரும் இரவு முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். எனக்கு இது சின்ன விஷயம். அதே ஆன்ஃபீல்ட் ஆட்டத்தில், இரண்டு கோல் அடித்தே ஆகவேண்டிய ஆர்சனலுக்குப் பயிற்றுநர் ஜோர்ஜ் கிரஹாம் மூன்று ஸ்டொப்பர்களை இறக்கினார்: அடம்ஸ், போல்ட், ஓ'லியரி. அதனால் இரண்டு பக்க பேக்குகளும் (ஓரத்தில் நிற்கும் பின்கள வீரர்கள்) பயமில்லாமல் மேலே ஏற முடிந்தது. இடைவேளையில் 0-0. 52-ஆவது நிமிடத்தில் ஸ்மித் கோல் அடித்தார், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில் தோமஸ் அடித்தார். ஐந்து பேர் பின்னுக்கு நின்றால் அது பயந்த ஆட்டம் என்று சொல்பவருக்கு இந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்.

ஆனாலும் ஆரம்ப அணிகளுக்கு நாலு பேர்தான் என் தெரிவு. ஐந்து பேரை நிறுத்தினால் நம் பொடியன்கள் ஐந்து பேரும் பெனால்டிப் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுவார்கள். நடுக்களம் வெறுமையாகும், வெளியே அடித்த பந்தெல்லாம் திரும்பி நம்மிடமே வரும்.

மூன்றாம் படி: சோடா மூடி

தொலைபேசிச் செயலிகள் இரண்டைப் பாவித்துப் பார்த்தேன். படம் அழகாக இருக்கும், ஆனால் ஒருவர் கையில் இருப்பதை மற்ற ஆறு பேர் எட்டிப் பார்க்க வேண்டும். சீமெந்துப் பையைப் பிரித்து, உள்தாளில் ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று அரை மைதானத்தைக் கீறுங்கள். பெனால்டிப் பெட்டி 16.5 சென்ரிமீற்றர் நீளும். அதன் மேல் சோடா மூடிகளை வையுங்கள். ஒரு மூடி கிட்டத்தட்ட மூன்று சென்ரிமீற்றர் அகலம். மைதானத்தில் ஒருவர் காலை நீட்டி மறிக்கக்கூடிய இடமும் ஏறத்தாழ மூன்று மீற்றர்தான். மூடிகளுக்கு இடையில் தெரிகிற வெள்ளை இடம்தான் எதிரணிக்கு நாம் விட்டுவைக்கும் வாசல்.

வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி இதைப் பேசித் தீர்க்க முடியாது. மூடியை நகர்த்தத் தொடங்கியவுடன் எங்கள் இரண்டு கட்சியும் ஒரு மணித்தியாலத்தில் ஒத்துக்கொண்டது. பந்து நடுவட்டத்தில் இருக்கும்போது நம் கடைசி வரிசை பெட்டிக் கோட்டுக்கு 10 மீற்றர் முன்னே. முன்னுக்கு நிற்பவருக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் 25 மீற்றர். இந்த 25 என்ற அளவு இத்தாலியப் பயிற்றுநர் அரிகோ சாக்கி மிலான் அணிக்கு வைத்தது. 1989, 1990 இரண்டு வருஷமும் அந்த அணி ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தது.

நாலாம் படி: ஒரே குரல்

இங்கேதான் நாங்கள் போன வருஷம் விழுந்தோம். ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பெட்டியிலிருந்து பந்தை வெளியே அடித்தோம். எங்கள் ஸ்டொப்பர், பத்தொன்பது வயதுத் தம்பி, வரிசையை மேலே கொண்டுபோக வேண்டும் என்று சரியாகத்தான் நினைத்தான். லெப்ட் பேக் அவனை விட எட்டு வயது மூத்தவர். அதனால் அவன் கத்தியது: "அண்ணன், கொஞ்சம் மேல ஏறுங்க!" அதே நேரம் கீப்பர் பின்னாலிருந்து "இறங்கு, இறங்கு" என்றான். லெப்ட் பேக் இரண்டையும் கேட்டு இடையில் நின்றுவிட்டார். மற்ற மூன்று பேரை விட மூன்று மீற்றர் பின்னே. அவர் ஒருவர் அங்கே நின்றதால் எதிரணியின் ஆள் ஓஃப்சைட் இல்லை. பந்து வந்தது, கோல். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்தோம். அவர் கொடி தூக்காதது சரியான முடிவு.

இந்த வருஷம் முதலில் அந்த லெப்ட் பேக்கே எழுந்து சொன்னார்: "தம்பி, மைதானத்துக்குள்ள நான் உனக்கு அண்ணன் இல்ல. 'ஏறு' எண்டு மட்டும் சொல்லு." அந்த ஒரு வசனத்துக்கு நான் அவருக்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

சொற்கள் மூன்று மட்டும்: ஏறு, இறங்கு, நில். சொல்பவர் ஸ்டொப்பர் ஒருவர். கீப்பர் தனக்கு வருகிற பந்துக்கு "எனக்கு" என்று மட்டும் கத்தலாம்.

சரி, எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது? பந்து வைத்திருப்பவரின் தலையைப் பாருங்கள். தலை குனிந்து, நம் ஆள் ஒருவர் அவரை நெருக்கிக்கொண்டிருந்தால் அவரால் நீளப் பந்து கொடுக்க முடியாது: ஏறு. பந்து பின்னோக்கிப் போகிறது: ஏறு. அவர் தலை நிமிர்ந்து, எதிரே யாருமில்லாமல், காலை ஓங்குகிறார்: இறங்கு. கால் பந்தில் படுவதற்கு முன்னமே இறங்கத் தொடங்க வேண்டும். பந்து புறப்பட்ட மறுகா ஓடினால் பிடிக்க முடியாது. பந்தை யாரும் நெருக்காத நேரத்தில் ஓஃப்சைட் வலை விரிப்பதுதான் புது அணிகள் செய்யும் பெரிய பிழை.

ஐந்தாம் படி: கயிறு

மீன்பிடிச் சாமான் கடையில் 24 மீற்றர் நைலோன் கயிறு வாங்குங்கள். நாலு பின்கள வீரரின் இடுப்பிலும், எட்டு மீற்றருக்கு ஒருவராக, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள். நடந்து மட்டும் பழகுங்கள், ஓட வேண்டாம். கயிற்றோடு விழுந்தால் காயம் வரும். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம், வலம், முன், பின் என்று நடப்பேன். ஸ்டொப்பர் கத்துவான், நாலு பேரும் நகர்வார்கள். கயிறு இறுகினால் யாரோ தனியே போய்விட்டார் என்று அர்த்தம். மணலில் கிடந்தால் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டார்கள். இருபது நிமிடத்தில் இடுப்பே சொல்லிக்கொடுக்கும். அப்புறம் கயிற்றை அவிழ்த்துவிட்டு அதையே ஓடிச் செய்யுங்கள். அடையாளத்துக்குக் கோன் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், சிரட்டை போதும்.

கடைசி இரண்டு நாளும் சாக்கி செய்த பயிற்சியைச் செய்தோம். அவர் ஒரு கீப்பரையும் நாலு பின்கள வீரரையும் ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கம் மிலானின் பெரிய ஆட்டக்காரர்களான குலிட், வான் பாஸ்டன், ரைகார்ட் உட்படப் பத்துப் பேரை விடுவார். 15 நிமிடத்துக்குள் கோல் அடிக்க வேண்டும். பந்து பறிபோனால் பத்துப் பேரும் தங்கள் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பத்துப் பேரால் ஒருபோதும் அடிக்க முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் பொடியன்கள் முதல் நாள் மூன்று கோல் வாங்கினார்கள், இரண்டாம் நாள் ஒன்று.

ஆறாம் படி: காற்றும் வெயிலும்

மட்டக்களப்பின் வெபர் மைதானமோ உங்கள் ஊர்க் கடற்கரை மைதானமோ, ஆட்ட நேரத்துக்கே முதல் நாள் போய் நில்லுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரே உதை ஒரு பக்கம் பறந்து போகும், மறுபக்கம் பாதியில் விழும். எதிரணிக்குக் காற்று சாதகமான பாதியில் வரிசையை ஐந்து மீற்றர் பின்னே எடுங்கள். கீப்பரை வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள். பின்னேர வெயில் கீப்பரின் கண்ணில் அடிக்கும் பக்கத்தையும் பார்த்து வைத்தால், நாணயம் சுண்டும்போது பக்கத்தைத் தெரிவு செய்யலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்று எண்ண வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் கிக். உங்கள் போட்டியில் அந்த விதி நடைமுறையில் உள்ளதா என்று நடுவரிடம் முன்பே கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், தங்கள் எழுவர் போட்டியில் ஓஃப்சைட் இல்லையே, கயிறு எதற்கு என்று கேட்டிருந்தார். ஓஃப்சைட் இல்லையென்றால் "ஏறு" என்ற சொல்லே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் ஆளுக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பது மட்டும் போதும். மூன்று பேருக்குக் கயிறு கட்டி இடைவெளியைப் பழகலாம்.

பின்சேர்க்கை 2: கல்முனையிலிருந்து ஒரு காக்கா (அண்ணன்) எழுதியது முக்கியமானது. அவர்களுடைய அணி இதை அப்படியே செய்து, த்ரோவில் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) கோல் வாங்கியிருக்கிறது. என் பிழைதான், எழுத விட்டுப்போனது. த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓஃப்சைட் கிடையாது. கோல் கிக், கோணர் இரண்டுக்கும் அப்படித்தான். எதிரணி த்ரோ எடுக்கப் பந்தைக் கையில் எடுத்தவுடன் ஸ்டொப்பர் "நில்" என்று சொல்லட்டும். வரிசையை மறந்து, அவரவர் பக்கத்தில் நிற்கும் ஆளின் பின்னே ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். பந்து இரண்டாவது ஆளின் காலுக்குப் போனதும் மறுபடி தலையைப் பார்க்கத் தொடங்கலாம்.