சங்கத்துச் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர என்ன செய்யலாம்?

எங்கள் சங்கத்தில் தகவல் தொடர்புப் பொறுப்பு என்னிடம் வந்தபோது இருந்தவை இவ்வளவுதான்: நாள் முழுக்க ஃபார்வர்ட் செய்திகள் ஓடும் ஒரு வாட்ஸ்அப் குழு, யாருடைய கணினியில் இருக்கிறது என்றே தெளிவில்லாத ஓர் உறுப்பினர் பட்டியல், "எனக்கு யாரும் சொல்லலையே" என்று வருத்தத்தோடு வரும் அழைப்புகள். இப்போது அந்த அழைப்புகள் அநேகமாக நின்றுவிட்டன. அதற்குச் செய்த வேலைகளை வரிசையாக எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத, எல்லாரும் வேலையும் குடும்பமும் போக மிச்ச நேரத்தில் உழைக்கிற அமைப்புகளுக்கு இது பொருந்தும். குழு தொடங்குவது, கூகுள் ஷீட் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தகவல் கிடைக்காத உறுப்பினர் சண்டை போடுவதில்லை. தன்னை யாரும் தேடவில்லை என்று நினைத்துக்கொண்டு மெதுவாக ஒதுங்கிவிடுகிறார். சந்தா கட்டுவது நிற்கும்போதுதான் நமக்கே தெரியவரும். அதனால்தான் இந்த வேலையைச் சில்லறை வேலையாக நான் பார்ப்பதில்லை.

படி 1: பட்டியலைச் சரிசெய்யுங்கள்

எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்ற விவாதத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உறுப்பினர் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பொருளாளரிடம் சந்தாப் பட்டியல், செயலாளரிடம் முகவரிப் பட்டியல், வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் தனி என்று மூன்றாக இருந்தால், மூன்றிலும் இல்லாத ஒருவர் கட்டாயம் இருப்பார். மூன்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் சேருங்கள். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், எந்த வழியில் தகவல் வேண்டும், எந்த வேலையில் விருப்பம், கடைசியாகச் சரிபார்த்த தேதி. இவை போதும்.

எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் மெனுவில் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஷீட் அதைக் கணக்குப் போடும் எண்ணாக எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் 0 அல்லது கூட்டல் குறியை நீக்கிவிடும். வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களின் எண்கள் இப்படித்தான் கெடும். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், அழைத்தால் போகாது. எல்லாம் உள்ளிட்ட பிறகு ஃபார்மட்டை மாற்றினால் போன 0 திரும்பி வராது.

பட்டியலை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பகிரவே கூடாது. உறுப்பினர்கள் நம்மை நம்பித்தான் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு, பார்க்கும் உரிமை செயற்குழுவுக்கு, அவ்வளவுதான். விவரங்களைப் புதுப்பிக்க ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புங்கள். நிரப்பாதவர்களை நேரில் பார்க்கும்போது கேட்டு எழுதுங்கள்.

படி 2: அறிவிப்பு வேறு, பேச்சு வேறு

உறுப்பினர்கள் பேசிக்கொள்ளும் குழு அவசியம் வேண்டும். அங்கே பிறந்தநாள் வாழ்த்து வரும், வாக்குவாதம் வரும், புகைப்படம் வரும். நட்பு வளர்வதே அங்கேதான், அதனால் அதை அடக்கப் பார்க்காதீர்கள். ஆனால் பொதுக்குழுத் தேதியை அதே குழுவில் போட்டால், அரை மணி நேரத்தில் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். அறிவிப்புக்குத் தனியாக ஒரு குழு தொடங்கி, அமைப்புகளில் 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று வையுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திகளுக்கு மேல் அதில் போகக் கூடாது. அங்கே சத்தம் வந்தால் முக்கியமான விஷயம் என்று உறுப்பினர்களுக்குப் பழக வேண்டும். செயற்குழு உறுப்பினரே ஆனாலும் ஒரு வாழ்த்துப் படம்கூட அங்கே போடக் கூடாது.

படி 3: செய்தி உண்மையிலேயே போனதா?

இந்தப் படியில்தான் நாங்கள் அதிக நாள் தடுமாறினோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்டைப் பயன்படுத்தலாம் என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்ற தகவலும் உங்களுக்கு வராது. எங்கள் அறிவிப்புகள் சில உறுப்பினர்களுக்குக் கிடைக்காமலே இருந்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் வேண்டுமென்றே வராமல் இருக்கிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், எண் மாற்றியவர்கள், அனுப்புநர் மாறியதை அறியாதவர்கள், இவர்கள்தான் இதில் விடுபடுவார்கள். சங்கம் யாரை அதிகமாக அணைத்துக்கொள்ள வேண்டுமோ அவர்களே! ஒரு லிஸ்டில் 256 பேர் என்ற வரம்பும் உண்டு.

ஆகவே என் பரிந்துரை, அட்மின் மட்டும் அனுப்பும் குழு. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம், பெரும்பாலான சங்கங்களுக்கு அது தாராளம். இன்னொரு வசதியும் இதில் உண்டு. நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' என்பதைத் தட்டினால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்ற இரண்டு பட்டியல்கள் தெரியும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குழுச் செய்திகளில் இந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். முக்கியமான அறிவிப்பு போட்ட மறுநாள் மாலை அதைத் திறந்து பாருங்கள். இந்த இரண்டு பட்டியலிலுமே இல்லாதவர் கைபேசியை மாற்றியிருக்கலாம், இணையம் இல்லாமல் இருக்கலாம். அவரைத்தான் அழைத்துப் பேச வேண்டும். "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்பதற்காக இந்தப் பட்டியலைப் பயன்படுத்தினால் அடுத்த வாரம் ஆள் இருக்கமாட்டார். யாரும் விடுபடக் கூடாது என்பதற்காக மட்டுமே அதைப் பாருங்கள்.

குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மையான குறைதான். குறிப்பாகப் பெண் உறுப்பினர்கள் இதைச் சொன்னால் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் 'கம்யூனிட்டி' வசதியின் அறிவிப்புக் குழுவில் சக உறுப்பினர்களின் எண்கள் மறைந்திருக்கும், அட்மின்களின் எண் மட்டும் தெரியும். அதற்கு மாறலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் டெலிகிராம்தான் பிடிக்கும். எண்ணை மறைக்கலாம், புதிதாகச் சேர்ந்தவர் பழைய அறிவிப்புகளையும் பார்க்கலாம், கோப்புகளைத் தேடி எடுப்பதும் சுலபம். ஆனாலும் உறுப்பினர்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அங்கே போவதுதான் சரி. ஒரு அறிவிப்புக்காக முதியவர் ஒருவரைப் புதிய செயலி இறக்கச் சொல்வது நியாயமில்லை.

மின்னஞ்சல் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, சங்க விதிகளில் திருத்தம் போன்றவை மின்னஞ்சலில்தான் போக வேண்டும், பின்னாளில் தேடினால் கிடைக்கும். எல்லார் முகவரியையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் என்பதுதான் வரம்பு. தாண்டினால் அனுப்பும் வசதியையே தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள்.

படி 4: செய்தியை எழுதும் விதம்

இப்படி ஒரு அறிவிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள்:

"அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு நடைபெறவிருக்கும் இரத்ததான முகாம் சிறக்க உறுப்பினர்கள் தங்களால் இயன்ற ஒத்துழைப்பை நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

மரியாதையாகத்தான் இருக்கிறது. கை கூப்பும் படங்களும் கட்டை விரல்களும் நிறைய வரும். ஞாயிறு காலை மேசை போட ஆள் இருக்காது. ஒத்துழைப்பு என்றால் என்ன, யார், எப்போது என்று அதில் எதுவும் இல்லாததால், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்றே எல்லாரும் நினைப்பார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"இரத்ததான முகாம்: ஜூலை 14, ஞாயிறு, காலை 8 முதல் 1 வரை. பதிவு மேசைக்கு 4 பேர் வேண்டும். 2 பேர் கிடைத்துவிட்டார்கள், இன்னும் 2 பேர் தேவை. உட்கார்ந்தபடி செய்யும் வேலைதான், முன் அனுபவம் வேண்டாம். முடிந்தவர்கள் வியாழன் இரவு 8 மணிக்குள் துணைச் செயலாளரிடம் சொல்லுங்கள்."

தலைப்பும் தேதியும் முதல் வரியில் வர வேண்டும், கைபேசியின் அறிவிப்புப் பட்டையில் தெரிவது அது மட்டும்தான். என்ன வேலை, எத்தனை பேர், எந்தக் கெடு, யாரிடம் சொல்வது என்பது அப்புறம். 'இன்னும் 2 பேர்' என்று எழுதுவதை விட்டுவிடாதீர்கள். தான் ஒருவர் வந்தாலே வேலை பாதி முடியும் என்று தெரிந்தால் மனிதர்கள் மனமுவந்து வருவார்கள். ஒரு செய்தியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். சந்தா நினைவூட்டலை முகாம் செய்தியோடு சேர்த்தால் இரண்டுமே கவனத்தில் நிற்காது.

படி 5: திரும்பச் சொல்லுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் இதை விட்டுவிடுகின்றன. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

செயற்குழு கூடினால் 2 நாளுக்குள் ஒரு சிறு குறிப்பு வெளிவர வேண்டும்: என்ன முடிவாயிற்று, யார் செய்கிறார், எப்போதைக்குள். முறையான நடவடிக்கைக் குறிப்பு தயாராக நாளாகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தில்தான் வதந்தி பிறக்கிறது. நிகழ்ச்சி முடிந்தாலும் அப்படியே: எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவு, யாரெல்லாம் உழைத்தார்கள். பெயர் சொல்லி நன்றி சொல்லும்போது, நாற்காலி அடுக்கியவர் பெயரும் மேடையில் பேசியவர் பெயரும் ஒரே பட்டியலில் வரட்டும்.

உறுப்பினர் கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் "பார்த்துவிட்டு வியாழனுக்குள் சொல்கிறோம்" என்று அன்றே எழுதுங்கள். சொன்னபடி வியாழனன்று சொல்லுங்கள்.

படி 6: கணக்குகள் சங்கத்துடையதாக இருக்கட்டும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, ஷீட், ஃபார்ம் எல்லாவற்றையும் அதில் வையுங்கள். செயலாளரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு ஒரு குறியீடும் கேட்பது) இயக்கினால் உள்நுழையும் குறியீடு ஒருவர் கைபேசிக்குத்தான் போகும், நிர்வாகிகள் மாறும்போது அங்கேதான் சிக்கும். அந்தக் கைபேசி இல்லாமலே உள்நுழைய கூகுள் கொடுக்கும் 10 பேக்கப் குறியீடுகளை அச்சிட்டு, சங்கத்தின் பதிவேடுகளோடு பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் குறைந்தது 3 அட்மின்கள் இருக்கட்டும். ஒரே அட்மின் இருந்து அவரும் வெளியேறிவிட்டால், வாட்ஸ்அப் தானாகவே வேறு யாரோ ஒருவரை அட்மின் ஆக்கிவிடும்.

பின்னர் சேர்த்தது: எஸ்எம்எஸ் பற்றி

ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாமா என்று இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். அனுப்பலாம், ஆனால் தமிழில் எழுதினால் அளவைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70 மட்டும். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'கூட்டம்' நமக்கு நான்கு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. 'ஞாயிறு' மூன்று எழுத்து, அது ஆறு இடம் எடுக்கும். நீளமாகப் போனால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு 67 இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் விழும். எனவே "கூட்டம் ஞாயிறு மாலை 5, நூலக அரங்கு" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

இன்னொரு சேர்க்கை: அழைப்புச் சங்கிலி

எழுத்தே படிக்க முடியாதவர்கள், பார்வை குறைந்தவர்கள் இருக்கிறார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அவர்களுக்குக் குரல்தான் வழி. படி 1-இல் 'எந்த வழியில் தகவல் வேண்டும்' என்ற நெடுவரிசையில் 'அழைப்பு' என்று குறித்தவர்களைத் தனியே எடுங்கள். செயற்குழுவில் ஒருவருக்கு 5, 6 பெயர் என்று பிரித்துக்கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் யாரும் முழுவதும் அழைக்கமாட்டார்கள். ஒருவருக்கு எப்போதும் ஒரே ஆள் அழைப்பது நல்லது. குரல் பழகும், அவரும் மனம்விட்டு நாலு வார்த்தை பேசுவார். பேசி முடித்ததும், உறுப்பினர் பட்டியலில் அல்லாமல் இதற்கென்று வைத்த தனி ஷீட்டில் 'பேசினேன்', 'எடுக்கவில்லை', 'எண் தவறு' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். 'எடுக்கவில்லை' என்று தொடர்ந்து இரண்டு முறை வந்தால், அருகில் வசிக்கும் உறுப்பினர் ஒருவரை நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.