பழைய அமெரிக்க டாலர் நோட்டின் சேகரிப்பு மதிப்பை அறிவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

பழைய டாலர் நோட்டு ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் தேடுவது அதில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டைத்தான். 1957 என்றோ 1935 என்றோ கண்டதும் பெருந்தொகை கிடைக்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் ஒரு நோட்டின் விலையை நிர்ணயிப்பதில் வயதுக்குரிய பங்கு சிறியது. அது எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகையில் எத்தனை நோட்டுகள் இன்று எஞ்சியுள்ளன, கையிலுள்ளது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே விலையைப் பற்றிப் பேச முடியும். 1861 முதல் அமெரிக்கக் கூட்டரசு வெளியிட்ட நோட்டுகள் அனைத்தும் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும் என்பதால், எவ்வளவு கசங்கிய நோட்டானாலும் அந்தத் தொகைக்குக் கீழே போகாது.

எதையும் ஆராய்வதற்கு முன், நோட்டைத் தூய்மைப்படுத்தும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். நீரில் அலசுவது, அழிப்பானால் தேய்ப்பது, கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவது, இஸ்திரி போடுவது ஆகிய எல்லாமே மதிப்பைக் குறைக்கும் செயல்கள். ஓரங்களைப் பிடித்து எடுத்து, மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறையில் வைப்பது போதும். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் தாளைக் கெடுத்துவிடும்.

முதல் படி, அளவு. 1929ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நோட்டுகளின் அளவு குறைக்கப்பட்டது. அதற்கு முந்தையவை ஏறத்தாழ 187 மில்லிமீட்டர் நீளமும் 79 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. இன்றைய அளவோ 156க்கு 66. பெரிய நோட்டு அசலாக இருக்குமானால், நைந்துபோயிருந்தாலும் முகமதிப்பைவிடக் கூடுதலாகவே விலை போகும். ஆனால் 'அசலாக' என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. பழுப்பேறி மொடமொடக்கும் தாளில் 1840 என்ற ஆண்டும் 8894 என்ற வரிசை எண்ணும் கொண்ட, 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' வெளியிட்டதாகக் காட்டும் 1000 டாலர் நோட்டு உங்களிடம் இருந்தால், அது நினைவுப் பொருளாகப் பெருமளவில் அச்சிடப்பட்ட நகல். உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட நோட்டுகளுக்கும் இத்தகைய நகல்கள் ஏராளம். அந்தக் கூட்டமைப்பின் அசல் நோட்டுகளில், 50 சென்ட் நோட்டைத் தவிர ஏனையவற்றில், கையொப்பம் பேனாவால் இடப்பட்டிருக்கும். உருப்பெருக்கியில் கையொப்பமும் அச்சு மையாகவே தெரிந்தால் ஐயப்பட வேண்டும்.

இரண்டாம் படி, வகை. சிறிய அளவு நோட்டுகளில் முகப்பில் வட்டமாக அச்சிடப்பட்டிருக்கும் கருவூல முத்திரையின் நிறமே வகையைச் சொல்லிவிடும். பச்சை என்றால் ஃபெடரல் ரிசர்வ் நோட்டு. இன்றும் புழங்குவது இதுதான். நீலம் சில்வர் சர்டிபிகேட்டையும் (ஒரு காலத்தில் வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருந்த நோட்டு), சிவப்பு யுனைடெட் ஸ்டேட்ஸ் நோட்டையும், பொன்னிறம் பெரும்பாலும் கோல்டு சர்டிபிகேட்டையும், பழுப்பு பெரும்பாலும் 1929 வரிசையைச் சேர்ந்த நேஷனல் பேங்க் நோட்டையும் குறிக்கும். பெரிய அளவு நோட்டுகளுக்கு இந்த விதி பொருந்தாது. 1914 வரிசை ஃபெடரல் ரிசர்வ் நோட்டுகளிலேயே சிவப்பு முத்திரையும் உண்டு, நீல முத்திரையும் உண்டு. எனவே அவற்றில் முகப்பில் எழுதியிருக்கும் வகைப் பெயரைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீல முத்திரை கொண்ட 1935, 1957 வரிசை ஒரு டாலர் நோட்டுகளும், சிவப்பு முத்திரை கொண்ட 1953, 1963 வரிசை இரண்டு டாலர் நோட்டுகளும் அடிக்கடி கைக்கு வருபவை. அவையே அதிக ஏமாற்றத்தைத் தருபவையும்கூட. கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டுப் பலராலும் பத்திரப்படுத்தப்பட்டவை என்பதால், புழங்கிய நிலையில் முகமதிப்பைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். சில்வர் சர்டிபிகேட்டைக் கொடுத்து வெள்ளி பெறும் வசதியும் 1968 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது.

மூன்றாம் படி, வரிசை ஆண்டு, அதாவது நோட்டில் 'சீரிஸ்' என்ற சொல்லோடு காணப்படும் ஆண்டு. இது அச்சிட்ட ஆண்டு அல்ல. வடிவமைப்பு மாறும்போதுதான் பெரும்பாலும் ஆண்டு மாறியது. கையொப்பமிடும் அதிகாரி மட்டும் மாறினால், பழைய ஆண்டோடு ஓர் எழுத்து சேர்க்கப்பட்டது. 1935 வரிசை இவ்வாறு 'எச்' எழுத்துவரை நீண்டதால், 1935 என்று எழுதியிருக்கும் நோட்டு 1960களில் அச்சானதாகவும் இருக்கலாம். கருவூலச் செயலராக 1968 டிசம்பர் 21 முதல் ஒரு மாதம் மட்டுமே இருந்த ஜோசப் பாரின் கையொப்பமுள்ள 1963பி வரிசை ஒரு டாலர் நோட்டை அரிய பொருள் என்று கருதிப் பலர் பதுக்கினர். பதவிக்காலம் குறுகியது என்றாலும் அச்சுக்கூடம் அந்தக் கையொப்பத்துடன் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியது. இன்றும் அதற்குச் சொல்லும்படியான விலை இல்லை.

நான்காம் படி, விதிவிலக்குகள். சாதாரண வகையிலும் சில நோட்டுகள் தனித்து நிற்கும். வரிசை எண்ணின் முன்னாலோ பின்னாலோ நட்சத்திரம் இருந்தால், அது அச்சில் பழுதான நோட்டுக்கு ஈடாக வந்தது. சில வரிசைகளில் இவை மிக அரியவை, சிலவற்றில் சாதாரணம். 1942இல் ஹவாய்த் தீவுகளுக்கென வெளியான நோட்டுகளில் முத்திரை பழுப்பாகவும், முகப்பின் இரு புறமும் தீவின் பெயர் செங்குத்தாகவும், பின்புறம் முழுவதும் அதே பெயர் பெரிய எழுத்துகளிலும் இருக்கும். ஜப்பான் அந்தத் தீவுகளைக் கைப்பற்றினால் அந்த நோட்டுகளை மட்டும் செல்லாது என அறிவிப்பதற்கான ஏற்பாடு அது. வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குச் சென்ற சில்வர் சர்டிபிகேட்டுகளில் முத்திரை மஞ்சளாக இருக்கும். 1935ஏ வரிசையில் சிவப்பு 'ஆர்' அல்லது 'எஸ்' எழுத்து பதித்த, தாளைச் சோதிப்பதற்காக வெளியிடப்பட்ட நோட்டுகளுக்கும் நல்ல விலை உண்டு. ஆனால் சாதாரண நோட்டில் அந்த எழுத்தைப் பதித்து விற்கும் மோசடியும் உண்டு. அசலின் வரிசை எண் 'எஸ்' எழுத்தில் தொடங்கி 'சி' எழுத்தில் முடியும் என்பதை முதலில் சரிபார்க்கவும். 00000001, 88888888, 12345678 போன்ற எண்கள் எந்த நோட்டுக்கும் மதிப்பைக் கூட்டும்.

நேஷனல் பேங்க் நோட்டுகளைத் தனியே எடுத்துவைக்கவும். 1863 முதல் 1935 வரை 12,000க்கும் மேற்பட்ட உள்ளூர் வங்கிகள் தம் பெயரில் இவற்றை வெளியிட்டன. இங்கே விலையைச் சொல்வது வங்கியின் பெயரும் ஊரும் உரிம எண்ணும்தான். பெருநகர வங்கியின் 20 டாலர் நோட்டும், எங்கோ சிற்றூரில் சில ஆண்டுகள் மட்டும் இயங்கிய வங்கியின் 20 டாலர் நோட்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். பின்னதற்கு முன்னதைப்போலப் பல மடங்கு விலை கிடைக்கக்கூடும். சேகரிப்பில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதியும் இதுவே.

ஐந்தாம் படி, நிலை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. தரம் 70 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கத்துக்கே வராதவை. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஒளி நோட்டின்மேல் சாய்வாக விழும்படி பார்த்தால், நேர் ஒளியில் மறைந்திருக்கும் மடிப்புகள் நிழல் கோடுகளாகத் தெரியும். நடுவில் ஒரே ஒரு மெல்லிய மடிப்பு இருந்தாலும் 50களுக்கு இறங்கிவிடும்; மை உடைந்து வெள்ளைக் கோடாகத் தெரியும் அழுத்தமான மடிப்பு என்றால் 40களுக்கு. பல மடிப்புகள் இருந்தும் விறைப்பு ஓரளவு எஞ்சியிருந்தால் 20 முதல் 35 வரை; விறைப்பு முற்றிலும் போயிருந்தால் அதற்கும் கீழே. பிறகு நோட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் குண்டூசித் துளைகள் புள்ளிகளாகத் தெரியும். சலவை நோட்டு போலத் தோன்றுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். அசல் நோட்டில் அச்சழுத்தத்தால் உண்டான மேடு பள்ளம் பின்புறத்திலும் தென்படும். அழுத்தி நேராக்கிய நோட்டில் அது தட்டையாகிவிட்டிருக்கும்.

விலையைத் தேடுவது கடைசியில்தான். சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு வகைக்கும் ஃப்ரீட்பெர்க் எண் என்ற பட்டியல் எண்ணைப் பயன்படுத்துகின்றனர். அந்த எண்ணையும் தரத்தையும் கொண்டு ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில், உண்மையில் விற்ற தொகையைப் பார்க்கவும். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை மட்டுமே. 1890 வரிசையைச் சேர்ந்த 'கிராண்ட் வாட்டர்மெலன்' 1000 டாலர் நோட்டு 2014இல் 32.9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான், ஆனால் அதைக் கொண்டு மற்ற நோட்டுகளை மதிப்பிட முடியாது. வணிகர் தம் இலாபத்தையும் கழித்துக்கொண்டே வாங்குவார் என்பதால், ஏலத் தொகையைவிடக் குறைவாகத்தான் கையில் கிடைக்கும். பி.எம்.ஜி., பி.சி.ஜி.எஸ். போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கு முன், அவர்களின் கட்டணத்தையும் அஞ்சல், காப்பீட்டுச் செலவையும் நோட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். புழங்கிய 1957 வரிசை ஒரு டாலர் நோட்டுக்கு அந்தச் செலவு வீண். ஹவாய் நட்சத்திர நோட்டுக்கோ, சிற்றூர் வங்கியின் நோட்டுக்கோ அது அவசியம்.