போக்கரில் முதல் இரண்டு சீட்டின் மதிப்பைக் கணினியில் எண்ணிப் பார்ப்பது எப்படி

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு ஆடத் தெரியும். முதல் நான்கு சீட்டைப் பார்த்தவுடன் ஏலம் கேட்க வேண்டிய ஆட்டம் அது. ஆகவே கைச்சீட்டை எடைபோடும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதில் ஜாக்தான் பெரிய சீட்டு, ஒன்பது அடுத்தது. அதே கண்ணோடு போக்கருக்கு வந்தால், ஜாக்கும் ஒன்பதும் கிடைத்ததுமே முகம் மலர்ந்துவிடுகிறது. மார்த்தாண்டத்தில் நான் நடத்தும் பைத்தான் நிரல்மொழி வகுப்பில் இந்தப் பாடத்தைச் சேர்த்ததே அதனால்தான். பழகிப்போன மதிப்பை நம்பாமல் எண்ணிப் பார்க்கப் பிள்ளைகள் கற்க வேண்டும்.

இது பணம் வைத்து ஆடுவதற்கான பாடம் அல்ல. இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டம் தடை செய்கிறது.

கணினியைப் பலமுறை ஆடவிட்டு வெற்றிகளை எண்ணும் இந்த முறைக்கும் சீட்டுக்கட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாளாகச் சீட்டாடிப் பொழுதைக் கழித்தார். வெல்லும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவதைவிட, பலமுறை ஆடிப் பார்த்து எண்ணுவது எளிது என்று அவருக்குத் தோன்றியது. மாண்டி கார்லோ முறை அப்படித்தான் பிறந்தது.

போக்கரில் ஒரு வகையான டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. தொடக்கச் சீட்டுகள் 1,326 வகையில் வரலாம். சின்னத்தின் பெயரை விட்டுவிட்டால் 169 வகைதான்: 13 ஜோடி, ஒரே சின்னத்தில் 78, வெவ்வேறு சின்னத்தில் 78. எதிராளி ஒருவர் மட்டும் என்றாலும், ஒரு கைக்கு எல்லா வாய்ப்புகளையும் அடுக்கினால் 209 கோடியைத் தாண்டும். அதனால்தான் மாதிரி எடுக்கிறோம்.

சீட்டுகளுக்கு 0 முதல் 51 வரை எண் கொடுங்கள். நான்கால் வகுத்தால் ஈவு சீட்டின் மதிப்பு, மீதி அதன் சின்னம். உங்கள் இரண்டு சீட்டை நீக்கிவிட்டு, மீதமுள்ள ஐம்பதிலிருந்து எதிராளிக்கு இரண்டும் நடுவுக்கு ஐந்தும் எடுக்க வேண்டும். இதற்குப் பைத்தானின் ‘ரேண்டம்.சாம்பிள்’ போதும். ‘சாய்சஸ்’ வேண்டாம். அதில் ஒரே சீட்டு இரண்டு முறை வந்துவிடும். ஏழு சீட்டில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 21 வழி. ஒவ்வொன்றையும் மதிப்பிட்டுச் சிறந்ததை வைத்துக்கொண்டு இருவரையும் ஒப்பிடுங்கள். வென்றால் ஒன்று, சமமானால் அரை, தோற்றால் சுழி. இவற்றின் சராசரிதான் அந்தக் கையின் மதிப்பு; அதைச் சதவீதமாகச் சொல்கிறோம்.

மதிப்பிடும் நிரல்தான் இதன் உயிர். அதைச் சோதிக்காமல் அடுத்த வரி எழுதாதீர்கள். ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. எல்லாவற்றையும் நிரலுக்குள் விட்டு எண்ணுங்கள். ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) 3,744, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 5,108, ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து மதிப்பு) 10,200 என்று வர வேண்டும். ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்தே அமையும் கைகள் இவற்றில் சேராது. பல பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெய்ட் 9,180 என்று நிற்கும். குறைகிற 1,020-ஐப் பார்த்ததுமே காரணம் சொல்லிவிடலாம்: ஆஸ், 2, 3, 4, 5 என்ற வரிசை விடுபட்டிருக்கிறது. ஆஸுக்கு மேல் மதிப்பை மட்டும் கொடுத்து, அது கீழேயும் நிற்கும் என்பதை எழுதாமல் விட்டிருப்பார்கள். இப்படி எண்ணைப் பார்த்தே பிழையின் இடத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இன்றும் தனி மகிழ்ச்சி.

எத்தனை முறை ஓட்டுவது? பத்தாயிரம் முறை என்றால் விடை ஒரு சதவீதம் மேலோ கீழோ தள்ளி வரலாம். பத்து லட்சம் என்றால் அந்தத் தள்ளல் 0.1 சதவீதமாகக் குறையும். பத்து மடங்கு துல்லியம் வேண்டுமானால் நூறு மடங்கு ஓட்ட வேண்டும். பத்தாயிரம் முறை ஓட்டிவிட்டு மூன்றாவது தசம இடத்தைப் பற்றி வாதாடுவதை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

ஒரே ஒரு எதிராளி என்றால் ஆஸ் ஜோடிக்கு ஏறத்தாழ 85 சதவீதம் வரும். வெவ்வேறு சின்னத்து 7-2-தான் மிக மோசமான கை என்பார்கள். அதற்கு 35 வரும், 3-2-க்கோ 32-தான். இப்போது எதிராளிகளை ஒன்பதாக்குங்கள். ஆஸ் ஜோடி 31-க்கு இறங்கும். தரவரிசையும் குலையும். ஒருவருக்கு எதிராக வெவ்வேறு சின்னத்து ஆஸ்-7, ஒரே சின்னத்து ஜாக்-10-ஐ முந்துகிறது. ஒன்பது பேருக்கு எதிராக ஜாக்-10 முந்திவிடுகிறது. கூட்டம் பெருகும்போது தனிப் பெரிய சீட்டைவிட ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் அமையக்கூடிய கைக்கே மதிப்பு கூடுகிறது. எதிராளிகளின் எண்ணிக்கையைச் சொல்லாத அட்டவணையை நம்பாதீர்கள்.

இத்தனையும் எதிராளி எந்தச் சீட்டோடும் கடைசிவரை இருப்பார் என்ற கணக்கில்தான். நிஜத்தில் மோசமான சீட்டு வந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். ஆகவே அடுத்த கட்டமாக, அவர் எந்தக் கைகளோடு நிற்பார் என்று ஒரு பட்டியல் கொடுங்கள். உங்களிடம் வெவ்வேறு சின்னத்து ஆஸ்-ராஜா இருக்கிறது. அவர் ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஆஸ்-ராஜா ஆகியவற்றோடு மட்டுமே நிற்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆஸும் ஒரு ராஜாவும் உங்கள் கையில் இருப்பதால் அவருக்கு ஆஸ் ஜோடி வர 3 வழி, ராஜா ஜோடிக்கு 3, ராணி ஜோடிக்கு 6, ஆஸ்-ராஜாவுக்கு 9. இந்த 21-இலிருந்து சம வாய்ப்பில் எடுத்து ஓட்டுங்கள். எந்தச் சீட்டோடும் நிற்பவருக்கு எதிராக 65 சதவீதம் காட்டிய அதே கை, இப்போது நாற்பதுக்குச் சற்றுக் கீழே நிற்கும்.