வீட்டில் தனியே அமிதா சொல்பவர்களுக்கு

மனத்தை ஒருமுகப்படுத்திப் பிரார்த்தனையில் நிற்பதை யூத மரபில் 'கவனா' என்பார்கள். ஒன்றை நோக்கித் திருப்புதல் என்ற பொருளுள்ள எபிரேய வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் 'கவனம்' போல ஒலிப்பது தற்செயலே. கவனா இல்லாத பிரார்த்தனை பிரார்த்தனையே ஆகாது என்று 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் சட்டமாகவே எழுதி வைத்தார். நம் காவிரிப் படுகையில் கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேர் சேர்வதற்கு வழியில்லை என்பதால், நின்றபடி சொல்லும் முதன்மை யூதப் பிரார்த்தனையான அமிதாவை வீட்டில் தனியே சொல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முற்காலப் பக்தர்கள் பிரார்த்தனைக்கு முன் ஒரு மணி நேரம் அமர்ந்து மனத்தைப் பக்குவப்படுத்தினார்கள் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. நமக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, யார் முன்னால் நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் நினைத்தபடி உட்காருங்கள். நிற்கும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்: எருசலேமை நோக்கி நிற்க வேண்டும், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அது வடமேற்கு. என் வீட்டுக் கூடத்தில் அப்படி நின்றால் முதுகுக்குப் பின்னால் நெல் மூட்டைகள் இருந்தன. தொடக்கத்தில் மூன்றடி பின்னே போய் மூன்றடி முன்னே வரும்போது குதிகால் மூட்டையில் இடிக்கும், இடித்த உடனே மனம் நெல் விலைக்குப் போய்விடும். மூட்டைகளை நகர்த்திய பிறகுதான் அந்த மூன்றடிகளை ஒரு சந்நிதிக்குள் நுழைவதாக என்னால் உணர முடிந்தது.

அமிதாவில் இப்போது 19 ஆசிகள் உள்ளன. அத்தனையிலும் மனம் நிற்க வேண்டும். முடியாதவர் முதல் ஆசியிலாவது நிற்க வேண்டும் என்பது சட்ட நூலான ஷுல்ஹான் அருக்கின் விதி. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நாற்றங்காலையாவது காப்பாற்றுகிறோம் அல்லவா, அதுபோல உங்கள் முயற்சி முழுவதையும் முதலில் இந்த ஓர் ஆசியில் வையுங்கள். முந்தைய நாளே அதன் பொருளைத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்' என்று 'தேவன்' என்ற சொல் ஏன் மும்முறை வருகிறது? ஒவ்வொருவரும் தம் சொந்தத் தேடலால் அவரை அறிந்தார்கள் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று, நானும் என் வழியில் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு மேலே செல்லுங்கள். கண்ணீர் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். சொல்லும் சொல்லின் பொருளை அறிந்து சொல்வதே முதற்படி என்பது என் உறுதியான கருத்து.

எபிரேயம் புரியாதவர் தமிழிலேயே சொல்லலாம். அமிதாவை எந்த மொழியிலும் சொல்லலாம் என்பது மிஷ்னாவிலேயே உள்ள அனுமதி. எதில் சொன்னாலும் உதடு அசைய, உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். சீலோ ஆலயத்தில் சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாள் உதடுகள் மட்டும் அசைய வேண்டிக்கொண்டதையே ஞானிகள் இதற்கு முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

நடுவில் வேறு எண்ணம் வரத்தான் செய்யும். ஜூனில் மேட்டூர் திறந்திருக்கும் நாட்களில், கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்ற கேள்வி என்னை விட்டதேயில்லை. அப்போது சொல்லிக்கொண்டே ஓடாமல், அந்த எண்ணம் கடந்து போகும்வரை வாய்மூடி நிற்க வேண்டும் என்பதே விதி. முதல் ஆசியே கவனமின்றிப் போய்விட்டதென்று பிறகு தெரிந்தாலும் மறுபடி தொடங்க வேண்டாம். இரண்டாம் முறையும் மனம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்று பிற்கால அறிஞர்கள் அதைத் தவிர்த்தார்கள்.

முடிக்கும்போது மூன்றடி பின்வாங்கி, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு நேரே எனக் குனியுங்கள். குனிந்து நிமிர்ந்ததும் கைப்பேசி இருக்கும் அறைக்குப் போகாமல், அந்த இடத்திலேயே சிறிது நேரம் நில்லுங்கள்; முற்காலப் பக்தர்கள் பிரார்த்தனைக்குப் பின்னும் ஒரு மணி நேரம் காத்திருந்ததாக மிஷ்னாவை விளக்கும் பெருநூலான தல்மூத் கூறுகிறது.