ஸ்டெல்த்தா, இன்டர்செப்ட்டா: சண்டை வேண்டாம்

மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுக்குள் அடைந்து 'வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்' என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேஜையில் அதிகம் வாக்குவாதம் கிளப்புவது ஸ்டெல்த் (தடுப்பிலிருந்து நழுவும் திறன்) கார்டை எப்போது போடலாம் என்பதுதான்.

தேவைப்படும்போது மட்டுமே போடலாம். உங்கள் வாம்பயர் ப்ளீட் செய்கிறது, அதாவது எதிராளியின் பலத்தைக் குறைக்கப் பார்க்கிறது; ஸ்டெல்த் 0. உங்கள் இரை, அதாவது இடப்பக்கம் இருக்கும் நீங்கள் தாக்கும் ஆட்டக்காரர், தடுக்க வருகிறார்; இன்டர்செப்ட் (தடுக்கும் திறன்) 0. இரண்டும் சமம் என்றால் தடுப்பு பலிக்கும். இப்போது நீங்கள் ஸ்டெல்த் கார்டு போட்டு 1 ஆக்கலாம். அதற்கு மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொன்றைச் சேர்க்க முடியாது. அவர் இன்டர்செப்ட்டை 1 ஆக்கினால்தான் அடுத்ததற்கு வழி. அதுவும் வேறு கார்டாக இருக்க வேண்டும்; ஒரே ஆக்ஷனில் ஒரே வாம்பயர் அதே மாடிஃபையரை (ஸ்டெல்த் கார்டு போல ஆக்ஷனுக்கு வலுச் சேர்க்கும் கார்டை) இரண்டு முறை போட முடியாது. இன்டர்செப்ட்டுக்கும் இதே கதைதான், ஸ்டெல்த்தை விடக் குறைவாக இருக்கும்போது மட்டும்.

யார் முதலில்? ஆக்ஷன் செய்கிறவருக்கே முதல் வாய்ப்பு. யார் கார்டு போட்டாலும் வாய்ப்பு மறுபடி அவரிடமே திரும்பும். இதை மறந்துவிட்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் கார்டை வீசுவதால்தான் பாதிக் குழப்பமும்.

ப்ளீட்டைக் கூட்டும் கார்டைத் தடுப்பு முடிந்தபின் போடுங்கள். முன்பே போட்டால் எதிராளி உஷாராகி எப்படியாவது தடுக்கப் பார்ப்பார். விதிப்புத்தகமும் கார்டும் முரண்பட்டால் கார்டில் உள்ளதே செல்லும். அப்புறம், மலையில் சிக்னல் போய்விடும், விதிப்புத்தகத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.